எட்டு சென்டிமீட்டர்

எனக்கு உதட்டில் கொப்புளம் வரும்போதெல்லாம் அது ஒரே இடத்தில்தான் வருகிறது. கீழுதட்டின் இடது ஓரம். வலது பக்கம் வந்ததில்லை, மேலுதட்டில் வந்ததில்லை. சித்திரை வெயிலில் ஊருக்குப் போய்த் தோட்டத்தில் நின்றால் வரும். காய்ச்சல் விட்ட மறுநாள் வரும். தூக்கம் கெட்ட வாரங்களில் வரும். முதலில் ஒரு குறுகுறுப்பு, பிறகு கொத்தாகச் சிறு நீர்க்கொப்புளங்கள், பிறகு பொருக்கு, அதன்பின் சுவடு தெரியாமல் போய்விடும். அத்தை இதற்கு ஒரே காரணம்தான் சொல்வார்: "உடம்புச் சூடு கண்ணு, நன்னாரி ஊற வைத்துக் குடி." தோல் மருத்துவர் வேறொன்று சொன்னார்: "ஹெர்பீஸ் வைரஸ். சின்ன வயதிலேயே வந்திருக்கும். நரம்புக்குள் இருக்கிறது, அவ்வப்போது வெளியே வருகிறது." ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். எப்போது வரும் என்பதை அத்தையின் விளக்கம் ஓரளவு சரியாகவே சொல்கிறது. எது வருகிறது என்பதை மருத்துவர் சொல்லிவிட்டார். ஏன் எப்போதும் அதே இடம் என்பதுதான் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

அதற்கு விடை கிடைப்பது கடினமாக இல்லை. கீழுதட்டின் தொடுவுணர்வைச் சுமக்கும் நரம்பு செல்களின் உடல் உதட்டில் இல்லை. காதுக்கு முன்னால், மண்டையோட்டின் உட்புற அடித்தளத்தில், முக்கிளை நரம்பின் முடிச்சு ஒன்று இருக்கிறது. செல்களின் உடலும் உட்கருவும் அங்கே உள்ளன. அங்கிருந்து ஒவ்வொரு செல்லும் மெல்லிய இழை ஒன்றை நீட்டித் தோலில் தனக்கென ஒரு சிறு பரப்பைப் பிடித்து வைத்திருக்கிறது. வைரஸ் உட்கருவில் உறங்குகிறது, விழிக்கும்போது அதே இழை வழியாக இறங்கி அதே தோலில் வந்து கொப்புளிக்கிறது. முக்கிளை நரம்பில் அறுவை செய்துகொண்டவர்களுக்குப் பிறகு உதட்டில் கொப்புளம் வருவதை அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1905இலேயே குறித்திருக்கிறார். 1923இல் நோயியல் ஆய்வாளர் எர்னெஸ்ட் குட்பாஸ்டர் முயல்களில் ஆய்வு செய்து, இந்த வைரஸ் நரம்பு வழியாகவே பயணம் செய்கிறது என்று காட்டினார். 1970களின் தொடக்கத்தில், இறந்தவர்களின் நரம்பு முடிச்சுகளிலிருந்து உயிருள்ள வைரஸையே வளர்த்தெடுத்தார்கள். உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறத்தாழ 64 சதவீதம் பேரிடம் இந்த முதல் வகை ஹெர்பீஸ் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. இதைப் படிப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் நரம்பு முடிச்சிலும் அது இருக்கும். பலருக்குக் கொப்புளமே வந்திருக்காது.

வெளியே வருவது சரி. உள்ளே எப்படிப் போனது? இந்த இரண்டாவது கேள்விதான் என்னை இத்தனை தூரம் இழுத்து வந்தது. சின்ன வயதில் யாரோ ஓர் உறவினர் கொடுத்த முத்தத்தில் உதட்டுக்கு வந்த ஒரு துகள், மண்டையோட்டுக்குள் இருக்கும் ஓர் உட்கருவைச் சென்றடைய வேண்டும். விரலால் அளந்து பார்த்தால் ஏறத்தாழ எட்டு சென்டிமீட்டர். கல்லூரியில் நான் படித்த பாடநூலில் வைரஸின் வாழ்க்கைச் சுழற்சிக்கு ஒரு படம் உண்டு: செல்லின் சுவரோரம் ஓர் அறுகோணம், நடுவே உட்கருவாக ஒரு வட்டம், இரண்டுக்கும் இடையே ஓர் அம்புக்குறி. தேர்வில் அந்த அம்புக்குறிக்குத் தனி மதிப்பெண் கிடையாது. ஒட்டுவதற்கு உண்டு, நுழைவதற்கு உண்டு, பெருகுவதற்கு உண்டு.

231 ஆண்டுகள்

செல்லின் உட்புறத்தைப் பெரும்பாலோர் நீர் நிரம்பிய பை என்றே கற்பனை செய்கிறார்கள். அந்தப் படத்தின் குற்றமும் அதுதான். வெள்ளைத் தாளில் மூன்று பொருட்களை வரைந்தால் நடுவில் இருப்பது வெற்றிடம் என்றே தோன்றும். உண்மையில் செல்லின் உட்கூழான சைட்டோபிளாசத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை புரதம் இருக்கிறது. அதற்கு மேல் குறுக்கும் நெடுக்குமாக இழைகள், சவ்வுகள், பைகள். சர்க்கரை மூலக்கூறு போன்ற சிறியது எதுவும் இதில் நழுவிப் போய்விடும். ஹெர்பீஸின் மரபணுவைப் பொதிந்து வைத்திருக்கும் புரதக்கூட்டின் விட்டம் 125 நானோமீட்டர். தைப்பூசத்தன்று பழனி மலைப்படியில் ஒருவர் இரட்டைக் கட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு மேலே போக முயல்வதை நினைத்துக்கொள்ளலாம். நாலாபுறமும் தள்ளப்படுவார், இருந்த இடத்திலேயே இருப்பார்.

ஜெர்மனியின் ஹனோவரில் பணியாற்றிய பெயாட்டே சோடைக் 2000ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரையில் இதைக் கணக்காகவே போட்டுவிட்டார். வெறும் வெப்ப அசைவை நம்பி, தானாகப் பரவி, நரம்பிழைக்குள் 10 மில்லிமீட்டர் நகர ஒரு ஹெர்பீஸ் கூட்டுக்கு 231 ஆண்டுகள் ஆகும். பத்து மில்லிமீட்டர், அதாவது ஒரு சுண்டுவிரல் நகத்தின் அகலம். பரவலின் கணக்கு இன்னும் கொடியது: தூரம் இருமடங்கானால் நேரம் நான்கு மடங்காகும், எட்டு மடங்கானால் அறுபத்து நான்கு மடங்கு. என் எட்டு சென்டிமீட்டருக்கு அதை நானே பெருக்கிப் பார்த்தேன். 14,784 ஆண்டுகள் வந்தது. கடைசிப் பனிக்காலம் முடியும் தறுவாயில் கிளம்பியிருந்தால் இப்போது வந்து சேரும். ஆனால் நடப்பில் இந்த வைரஸ் ஒரு நாளில் போய்விடுகிறது. அம்புக்குறிக்குள் ஏதோ ஒன்று வேலை செய்கிறது என்பதை இதைவிட உறைக்கும்படி சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். பாடநூலில் இந்த ஓர் எண்ணைச் சேர்த்திருந்தால் போதும், நான் அப்போதே கேள்வி கேட்டிருப்பேன்.

சுமப்பது யார்

செல்லுக்குள் தண்டவாளங்கள் இருக்கின்றன. நுண்குழல்கள் என்று பாடநூலில் வரும். 25 நானோமீட்டர் தடிமனுள்ள, உள்ளீடற்ற புரதக் குழல்கள். இவற்றுக்குத் திசை உண்டு என்பதுதான் முக்கியம். ஒரு முனை வேறு, மறுமுனை வேறு. நரம்பிழையில் எல்லாக் குழல்களும் ஒரே திசையில் அடுக்கப்பட்டிருக்கும்: கூட்டல் முனை தோலை நோக்கி, கழித்தல் முனை செல்லின் உடலை நோக்கி. குழல்களின் மீது நடக்கும் புரதங்கள் இரண்டு இனம். கைனெசின் பெரும்பாலும் கூட்டல் முனைக்கு நடக்கும், அதாவது வெளியே. டைனீன் கழித்தல் முனைக்கு நடக்கும், அதாவது உள்ளே. இரண்டும் செல்லின் எரிபொருளான ஏடிபியை எரித்து, எட்டு நானோமீட்டர் எட்டு நானோமீட்டராக அடி வைக்கின்றன. நரம்பு முனையில் தேய்ந்துபோன பொருட்களைத் திரும்பக் கொண்டுவருவதும், வளர்ச்சிக்கான செய்திகளைச் செல்லின் உடலுக்குச் சேர்ப்பதும் டைனீனின் அன்றாட வேலை.

கைனெசின் கண்டுபிடிக்கப்பட்ட கதையில் எனக்குப் பிடித்த இடம், அது கடலின் வெப்பத்தால் இடம் மாறியது. ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு மாணவராக இருந்த ரொனால்ட் வேல், மைக்கேல் ஷீட்ஸுடன் சேர்ந்து கணவாயின் தடித்த நரம்பிழையில் இந்தப் போக்குவரத்தைப் பார்க்க நினைத்தார். 1983இல் எல் நினோ. கலிபோர்னியக் கரையில் நீர் சூடாகிக் கணவாய்கள் வரவில்லை. கிழக்குக் கரையில் இருக்கும் வுட்ஸ் ஹோல் கடல் ஆய்வகத்துக்குப் போனார்கள், அங்கே நரம்பியல் ஆய்வாளர் தாமஸ் ரீஸ் இருந்தார். 1985இல் கைனெசின் பிரித்தெடுக்கப்பட்டது. டைனீன் அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, 1965இல், இயன் கிப்பன்ஸ் ஒரு நுண்ணுயிரியின் குற்றிழைகளில் கண்டு பெயரிட்டதுதான்; ஆனால் சாதாரண செல்களின் உள்ளேயும் அதன் உறவு ஒன்று சுமைதூக்குகிறது என்பது 1987 வாக்கில்தான் தெளிவானது. இதற்கெல்லாம் வைரஸுடன் தொடர்பே இல்லை. கணவாய் நரம்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான் என் உதட்டுக் கேள்விக்கு விடை வைத்திருந்தார்கள்.

ஹெர்பீஸ் நரம்பு முனையைத் தொட்டதும் தன் வெளிச்சவ்வை நரம்பின் சவ்வோடு இணைத்துக்கொண்டு கூட்டை உள்ளே இறக்குகிறது. கூட்டின் மேல் சில புரதங்கள் ஒட்டிக்கொண்டே இருக்கும். அவற்றில் மிகப் பெரியது யுஎல்36. அதுதான் டைனீனைப் பிடிக்கிறது. டைனீன் விநாடிக்கு ஒரு மைக்ரோமீட்டர் அளவில் நகரும். எட்டு சென்டிமீட்டரை அதால் வகுத்தால் 80,000 விநாடிகள், ஏறத்தாழ 22 மணி நேரம். பதினான்காயிரம் ஆண்டுகள் ஒரு நாளாகச் சுருங்கிவிடுகின்றன. ஒளிரும் புரதம் சேர்த்த வைரஸ்களை உயிருள்ள நரம்பு செல்லில் படமெடுத்திருக்கிறார்கள். சீரான ஓட்டமாக அது இருப்பதில்லை. விரைந்து போகிறது, நிற்கிறது, கொஞ்சம் பின்னால் வருகிறது, மறுபடி போகிறது. டைனீனும் கைனெசினும் ஒரே சமயத்தில் ஒட்டியிருப்பதால் இந்த இழுபறி.

இந்த இடத்தில் பள்ளியில் உயிரியல் கற்பிக்கும் நண்பர் ஒருவருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு. "எவ்வளவு தந்திரம் பாருங்கள், செல்லையே ஏமாற்றுகிறது" என்பார் அவர். பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதுகின்றன: ஊடுருவல், கடத்தல், படையெடுப்பு. எனக்கு அது ஒவ்வவில்லை. இந்தப் பயணத்தில் வைரஸ் ஒரு ஏடிபி மூலக்கூறைக்கூடத் தன் கையிலிருந்து செலவழிக்கவில்லை. அதனிடம் ஏடிபியே இல்லை. கால் நம்முடையது, வழி நம்முடையது, எரிபொருள் நம்முடையது. அதனிடம் இருப்பது டைனீனுக்குப் பொருந்தும் ஒரு மேற்பரப்பு மட்டும். அதுவும் ஒவ்வொரு துகளுக்கும் பலிப்பதில்லை, பெரும்பாலானவை வழியிலேயே சிதைந்து குப்பையாகின்றன. நாம் பேசுவது தப்பிப் போய்ச் சேர்ந்த சிலவற்றைப் பற்றி. போய்ச் சேர்ந்தவற்றை மட்டும் பார்த்தால் எதுவும் தந்திரசாலியாகத்தான் தெரியும்.

அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த என்னையே சற்றுத் தடுமாற வைத்தது 2021இல் வந்த ஓர் ஆய்வு. சிகாகோவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் கிரெகரி ஸ்மித் குழு செய்தது. டைனீன் கழித்தல் முனைக்குத்தான் நடக்கும் என்று சொன்னேன். நரம்பிழை முழுவதும் அது சரிதான். ஆனால் செல்லின் உடலுக்குள் வந்த பிறகு கழித்தல் முனைகள் கூடும் இடம் உட்கரு அன்று, அதன் அருகே இருக்கும் சென்ட்ரோசோம். டைனீன் தன் சுமையை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு நின்றுவிடும். உட்கரு இன்னும் சில மைக்ரோமீட்டர் தள்ளி இருக்கிறது. அந்தக் கடைசித் துண்டுக்கு எதிர்த்திசை ஆள் வேண்டும், அதாவது கைனெசின். நரம்பு செல்லிலும் கைனெசின் உண்டு. ஆனால் வைரஸ் பயன்படுத்துவது அந்தச் செல்லின் கைனெசினை அல்ல என்று ஸ்மித் குழு கண்டது. முந்தைய செல்லில், அதாவது தோலின் மேற்புற செல்லில் உருவானபோதே, அங்கிருந்த கைனெசினைத் தன் பொதிக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறது. கைனெசின் இல்லாத செல்களில் உருவாக்கப்பட்ட வைரஸ்கள் நரம்பு செல்லில் சென்ட்ரோசோம் வரை வந்தன, உட்கருவுக்குப் போவதில் தடுமாறின.

இதைப் படித்துவிட்டு நெடுநேரம் அதே பக்கத்தில் இருந்தேன். எனக்கு யாரோ கொடுத்த வைரஸின் உள்ளே அந்த யாரோ ஒருவரின் கைனெசின் இருந்திருக்கிறது. அவருடைய உதட்டுத் தோலில் சுமைதூக்கிக்கொண்டிருந்த ஒரு புரதம், என் நரம்பு செல்லுக்குள் வந்து, கடைசிச் சில மைக்ரோமீட்டரை நடந்து முடித்திருக்கிறது. நண்பரிடம் சொன்னபோது அவர் வெற்றிக் களிப்போடு, "இப்போதாவது தந்திரம் என்று ஒப்புக்கொள்கிறீர்களா?" என்றார். இல்லை. நடந்தது இப்போதும் நம் கால்தான். எந்த நம் என்பதில் மட்டும் சிக்கல் கூடிவிட்டது.

உட்கருவின் சுவரில் துளைகள் உண்டு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 30 வகைப் புரதங்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்து கட்டிய பெரிய அமைப்பு. ஹெர்பீஸ் கூடு அதற்குள் நுழையாது, வாசலில் ஒட்டிக்கொள்ளும். கூட்டின் பன்னிரண்டு மூலைகளில் ஒன்றில் மட்டும் ஒரு திறப்பு இருக்கிறது. அதன் வழியாக டிஎன்ஏ உள்ளே பாய்கிறது. 1,52,000 எழுத்திணைகள் கொண்ட நீண்ட இழையை இறுக்கிச் சுருட்டி வைத்திருப்பதால் கூட்டுக்குள் ஏறத்தாழ 18 வளிமண்டல அளவுக்கு அழுத்தம் இருப்பதாக 2013இல் அளந்திருக்கிறார்கள். காலிக் கூடு வெளியே நின்றுவிடுகிறது. உள்ளே போனது வெறும் டிஎன்ஏ. அது வளையமாகி, நம் டிஎன்ஏவைப் போலவே புரதங்களில் சுற்றிக்கொண்டு, பல ஆண்டுகள் அசையாமல் கிடக்கிறது.

எல்லா வைரஸும் உட்கருவுக்குப் போவதில்லை. வெறிநாய்க்கடியின் வைரஸ் இதே டைனீனில் ஏறி நரம்பு வழியாகவே வருகிறது, ஆனால் சைட்டோபிளாசத்திலேயே பெருகிவிடுகிறது. அது மூளையை எட்ட எடுத்துக்கொள்ளும் நாட்கள்தான் கடிபட்ட பிறகும் ஊசி போட நமக்கு அவகாசம் தருகின்றன. கொரோனாவுக்கும் உட்கரு தேவையில்லை. ஆனால் கொரோனாவுக்கு எதிராக இந்தியாவில் பெரும்பாலோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டு இருக்கிறதே, அதிலுள்ள சிம்பன்சி அடினோவைரஸ் உட்கருவுக்குப் போயாக வேண்டும். ஒரு ஊசியில் ஐயாயிரம் கோடித் துகள்கள். பெருக முடியாதபடி மரபணு நீக்கப்பட்டவை. அடினோவைரஸ் டைனீனில்தான் உட்கருவரை வருகிறது. துளையின் வாசலில் ஒட்டிக்கொண்டதும் கைனெசின் அதை வெளிப்பக்கமாக இழுக்க, அந்த இழுப்பில் கூடு பிய்ந்து டிஎன்ஏ உள்ளே போகிறது என்று சூரிக்கில் உர்ஸ் கிரேபர் குழு 2011இல் காட்டியது. தோளில் வலி என்று புலம்பிக்கொண்டு நாம் படுத்திருந்த இரவில் இத்தனையும் நடந்துகொண்டிருந்தது.

வழியை அடைத்தால்?

இவ்வளவும் தெரிந்த பிறகு யாருக்கும் தோன்றும் யோசனை ஒன்று உண்டு. குழல்களை உடைத்துவிட்டால் வைரஸ் போகாது அல்லவா? போகாதுதான். அதைச் செய்யும் பொருள் எங்கள் ஊர்ப் பக்கமே விளைகிறது. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி வட்டாரங்களில் கம்பிப் பந்தலில் கண்வலிக்கிழங்கு ஏற்றியிருப்பார்கள். சங்க காலத்துக் காந்தள், தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள். பூத்த பூக்களுக்குக் காலையில் ஆட்கள் போய்க் கையாலேயே மகரந்தம் சேர்ப்பார்கள். விதை ஏற்றுமதியாகும், விலை ஓர் ஆண்டு வானத்தில் இருக்கும், மறு ஆண்டு விழுந்துவிடும். விதையை வாங்குபவர்கள் அதிலிருந்து எடுப்பது கோல்ச்சிசின். இந்த மூலக்கூறு நுண்குழலின் செங்கல்லான டியூபுலின் புரதத்தில் ஒட்டிக்கொண்டு, குழல் கட்டப்படுவதைத் தடுக்கிறது. டியூபுலின் என்ற புரதம் பிடிபட்டதே இதனால்தான்: 1967இல் கேரி போரிசியும் எட்வின் டெய்லரும் கதிரியக்கம் ஏற்றிய கோல்ச்சிசின் செல்லில் எதில் போய் ஒட்டுகிறது என்று தேடினார்கள்.

1970களில் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கோல்ச்சிசினால் ஹெர்பீஸின் நரம்புப் பயணம் தடைபடுவதைக் கண்டார்கள். 1997இல் சோடைக் குழு நொகோடசோல் என்ற இன்னொரு குழல் உடைப்பானைப் பயன்படுத்தியபோது, உட்கருவைச் சேர்ந்த கூடுகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. வைரஸ் குழல் வழியாகத்தான் போகிறது என்பதற்கு இவையெல்லாம் அழகான சான்றுகள். மருந்தாக ஆகாது. கண்வலிக்கிழங்கைத் தின்றவர்களுக்கு என்ன ஆகும் என்று அந்த வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குடல், எலும்பு மஜ்ஜை என்று செல்கள் வேகமாகப் பிரியும் இடமெல்லாம் முதலில் நிற்கும். கவுட் என்னும் மூட்டு வாதத்துக்குக் கொடுக்கும் மிகச் சிறு அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. வைரஸ் போகும் வழி நரம்பு உயிர்வாழும் வழியும்தான். டைனீனையே முடக்கலாம் என்றால் அதுவும் இதே கதை. இப்போது நமக்கு இருக்கும் ஹெர்பீஸ் மருந்தான அசைக்ளோவிர் பயணத்தைத் தொடுவதே இல்லை. வைரஸ் டிஎன்ஏ நகலெடுக்கும்போது மட்டும் குறுக்கே வருகிறது. நகலெடுக்காமல் உறங்கும் டிஎன்ஏவை அது பார்ப்பதுமில்லை.

கலையாத கூடு

நம்முடையதைத் தொடக் கூடாது என்றால் மிஞ்சுவது வைரஸின் மேற்பரப்பு மட்டுமே. அதை அடைப்பது கைகூடும் என்று எனக்கு நம்பிக்கை தந்தது எச்ஐவியின் கதை. 1986இல் சென்னையில் நுண்ணுயிரியல் மாணவி செல்லப்பன் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளை வேலூரில் சோதித்து, அவரும் அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமனும் இந்தியாவில் இந்த வைரஸ் இருப்பதை முதலில் உறுதிப்படுத்தியபோது, உலகில் எவருக்கும் அது உட்கருவுக்குள் எப்படிப் போகிறது என்று தெரியாது. அதன் குடும்பத்தைச் சேர்ந்த எலி வைரஸ் ஒன்று, செல் பிரியும்போது உட்கருவின் சுவர் கரையும்வரை காத்திருக்கும். எச்ஐவி காத்திருப்பதில்லை, பிரியாத செல்லிலும் நுழைகிறது என்பது 1992 வாக்கில் தெரிந்தது. எப்படி? அதன் கூம்பு வடிவக் கூடு அகலமான பக்கத்தில் 60 நானோமீட்டர். உட்கருத் துளையின் உள்விட்டம் அப்போதைய அளவீடுகளில் சுமார் 40 நானோமீட்டர். ஆகவே கூடு வெளியிலேயே கலைந்துவிடும், உள்ளே இருப்பது மட்டும் நுழையும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். எல்லாப் படங்களிலும் சைட்டோபிளாசத்தின் நடுவே ஒரு கூடு உடைந்துகொண்டிருக்கும்.

படம் இரண்டு பக்கத்திலிருந்தும் தவறாக இருந்தது. 2020இல் அமெரிக்காவில் வினய் பதக் குழு, கூடு உட்கருவுக்குள் போன பிறகே கலைகிறது என்று காட்டியது. 2021இல் ஹைடல்பெர்க்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள் செல்களை உறையவைத்து, மின்னணு நுண்ணோக்கியில் துண்டு துண்டாகப் படமெடுத்துப் பார்த்தார்கள். முழுக் கூம்பு துளைக்குள் குத்தியபடி நின்றிருந்தது. துளையும் பழைய அளவீட்டில் இருந்ததைவிட அகலமாக, 60 நானோமீட்டருக்கு மேல் இருந்தது. செல்லிலிருந்து பிரித்தெடுத்துச் சுருங்கிப்போன துளையை அளந்துவிட்டு இத்தனை ஆண்டுகள் கதவு சிறியது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

கதவு அகலம் என்பதால் மட்டும் யாரும் போய்விட முடியாது. துளையின் நடுவே புரத நூல்கள் அடர்ந்த வலை இருக்கிறது. ஃபினைலாலனின், கிளைசின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் இணையாகத் திரும்பத் திரும்ப வரும் நூல்கள். அந்த இணையைப் பிடித்துப் பிடித்துப் போகத் தெரிந்த சுமந்துசெல்லும் புரதங்கள் மட்டுமே வலைக்குள் கரைந்து கடக்கும், சுமைகளை அவைதான் கூட்டிப்போகும். 2024 ஜனவரியில் அமெரிக்காவின் எம்ஐடியிலிருந்தும் சிட்னியிலிருந்தும் ஒரே சமயத்தில் இரண்டு கட்டுரைகள் வந்தன. எச்ஐவியின் கூடு சுமந்துசெல்லும் புரதத்தைத் தேடவே இல்லை. தானே அப்படி நடந்துகொள்கிறது. கூடு சுமார் 1,500 ஒரே மாதிரியான புரதங்களால் ஆனது, ஒவ்வொன்றின் மேற்பரப்பிலும் ஒரு சிறு குழிவு, அந்த அமினோ அமில இணை வந்து அமரும் குழிவு. நூற்றுக்கணக்கான குழிவுகளோடு அது வலைக்குள் இழுபட்டுப் போகிறது.

அதே குழிவில் போய் அமரும்படி செய்யப்பட்ட மருந்துதான் லெனகாபவிர். குழிவு அடைபட்டால் வலையைப் பிடிக்க முடியாது, கூட்டின் அமைப்பும் குலைகிறது, புதிய கூடு கட்டுவதும் கெடுகிறது. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இளம்பெண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2024இல் வெளிவந்தது. ஆறு மாதத்துக்கு ஓர் ஊசி போட்டுக்கொண்ட 2,134 பேரில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை. மருத்துவச் சோதனைகளில் பூஜ்யம் என்ற எண்ணைப் பார்ப்பது அரிது. 2025 ஜூனில் அமெரிக்காவில் தடுப்பு மருந்தாக அனுமதி கிடைத்தது. அங்கே வைத்த விலையைப் பார்த்தால் ஆத்திரம்தான் வரும். ஏழை நாடுகளுக்கு 2027 முதல் ஆண்டுக்கு சுமார் 40 டாலரில் தருவதாக ஐதராபாத்தைச் சேர்ந்த மருந்து நிறுவனங்கள் ஏற்றிருப்பதால்தான் கொஞ்சம் ஆறுதல். செல்லின் வலையைத் தொடவில்லை, துளையைத் தொடவில்லை. வைரஸின் குழிவை மட்டும் அடைத்தார்கள். கோல்ச்சிசினால் முடியாதது இதனால் முடிந்தது.

ஹெர்பீஸுக்கு இதே வகையில் ஒரு முயற்சி நடக்கிறது. ஸ்மித் குழு 2017இல் யுஎல்37 என்ற புரதத்தின் மேற்பரப்பில் ஒரு சிறு பகுதியை மாற்றிப் பார்த்தது. அப்படி மாற்றப்பட்ட வைரஸ் தோலில் பெருகுகிறது. நரம்பில் ஏறிய பிறகு நீண்ட தூரம் உள்நோக்கி ஓட அதற்கு வராது, முடிச்சில் போய்க் குடியேறாது. தோலில் மட்டும் தொற்றிவிட்டு நோயெதிர்ப்பை ஊட்டும் தடுப்பூசியாக இதைக் கினிப் பன்றிகளில் சோதித்து நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். இன்னும் தொற்றாத குழந்தைகளுக்கு ஒரு நாள் இது வரலாம். என்னைப் போன்றவர்களுக்கு இதனால் பயனில்லை, டிஎன்ஏ ஏற்கெனவே உள்ளே போய்விட்டது.

உள்ளே இருப்பதைத் தேடிப்போய் வெட்டுவதற்கு சியாட்டிலில் கீத் ஜெரோம் குழு முயல்கிறது. வைரஸ் டிஎன்ஏவை மட்டும் அடையாளம் கண்டு நறுக்கும் நொதிகள். 2020இல் வெளிவந்த முடிவுகளின்படி, எலிகளின் ஒரு நரம்பு முடிச்சில் உறங்கும் ஹெர்பீஸில் 90 சதவீதத்துக்கும் மேல் இதனால் அழிந்தது. முக்கிளை நரம்பு முடிச்சில் பலன் அதைவிடக் குறைவு. அந்த நொதியை நரம்பு செல்லின் உட்கருவுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க அவர்களுக்கும் ஓர் ஆள் தேவைப்பட்டது. ஏஏவி என்ற வைரஸைத்தான் அனுப்புகிறார்கள். விட்டம் 25 நானோமீட்டர், நோய் எதுவும் தராதது, உட்கருவரை போகத் தெரிந்தது.